நூறு கடல் மைல்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழி நேர்த்தொலைவு ஏறத்தாழ 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து மேற்கே கோயம்புத்தூர் விமான நிலையம் எவ்வளவு தொலைவோ, கிட்டத்தட்ட அவ்வளவே தென்கிழக்கே பலாலியும் என்பதும், திருச்சிக்காரருக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டர் பக்கம் என்பதும், யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பைவிடத் திருச்சியே அருகில் என்பதும் வரைபடத்தின்மேல் அளவுகோலை வைத்த மாத்திரத்தில் விளங்கிவிடக்கூடியவை. இவ்விரு ஊர்களையும் இணைக்கும் இன்றைய நாள்தோறுமான விமானம் 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது. ஆடி மாதத்து நண்பகல் ஒன்றில் அவ்வழியே மேற்கொள்ளப்பட்ட ஒரு பயணத்தைப் பின்தொடரும் இக்கட்டுரை, மாறாத அந்தத் தொலைவைக் கடப்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஏன் வெவ்வேறு நேரம் பிடித்தது என்பதை வழிநெடுக ஆராய்கிறது.

தொலைவைச் சொல்லும்போது அது எந்தத் தொலைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் நடுவத்தை மையமாகக் கொண்டு வரையப்படும் வட்டத்தின் ஒரு துண்டாகவே அமையும். இதனைப் பெருவட்டத் தொலைவு என்பர். வானோட்டிகளும் மாலுமிகளும் இதைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை. அப்பெருவட்டத்தை 360 பாகைகளாகவும், ஒவ்வொரு பாகையையும் 60 கலைகளாகவும் பிரித்து, ஒரு கலைக்குரிய நீளத்தையே ஒரு கடல் மைல் என்று வழங்குகின்றனர், அது 1.852 கிலோமீட்டருக்குச் சமம். அந்தக் கணக்கில் திருச்சிக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட தொலைவு நூறு கடல் மைலுக்கு ஒரு மைல் குறைவு. இவ்வளவு முழுமையான எண் தற்செயலாகக் கிடைத்ததுதான் என்றாலும், மனத்தில் இருத்திக்கொள்ள வசதியானது.

அந்த நூறு மைலைத் தரையில் பகுத்துப் பார்த்தால் இன்னொரு வியப்பும் உண்டு. திருச்சியிலிருந்து நேர்கோடு ஒன்றை இழுத்தால், அது கந்தர்வகோட்டையை ஒட்டிச் சென்று, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே புகுந்து, அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையே கடலில் இறங்கி, மறுகரையில் காங்கேசன்துறையில் ஏறுகிறது. தமிழ்நாட்டு நிலத்தின்மேல் சற்றேறக்குறைய 88 கிலோமீட்டர், கடலின்மேல் 92 கிலோமீட்டர், யாழ்ப்பாண மண்ணின்மேல் வெறும் நான்கு கிலோமீட்டர் என்று கோடு பிரிகிறது. விமானம் இக்கோட்டின்மேல் பிசகாமல் பறப்பதில்லை. வானில் பெயரிட்டுக் குறிக்கப்பட்ட புள்ளிகளைத் தொட்டுச் செல்லும் வழிகளையே அது பின்பற்றும். எனினும் வழி வளைவது சிறிதளவே. சன்னலோரம் அமர்ந்தவர் காணும் நிலமும் நீரும் பெரும்பாலும் இக்கோட்டின் இருமருங்கிலும் கிடப்பவையே.

பயணம் தொடங்கும் திருச்சி விமான நிலையம், இந்தியாவின் மற்ற நிலையங்களினின்றும் ஒரு வகையில் மாறுபட்டது. உள்நாட்டுப் பயணியரைக் காட்டிலும் வெளிநாட்டுப் பயணியரே அங்கே நெடுங்காலமாக மிகுதி. காவிரிப் படுகையிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்களும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும், சரக்கைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போய்வருவதையே தொழிலாக வைத்திருக்கும் ‘குருவி’களும் சேர்ந்து வளர்த்த நிலையம் அது. 2024 சனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு நடுவில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தின் முகப்பு, திருவரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் வண்ணங்களில் அமைந்திருக்கிறது. கோபுரத்தின் சாயலை விமான நிலையத்துக்குக் கொண்டுவருவதைக் கலை என்பதா, அலங்காரம் என்பதா என்று வாதிடலாம். ஆனால் துபாயிலிருந்து பின்னிரவில் வந்திறங்கும் ஒருவருக்கு ‘ஊர் வந்துவிட்டது’ என்று அது சொல்லாமல் சொல்கிறது என்பதில் ஐயமில்லை.

அதே விமான நிலையத்துக்கு அருகில்தான் கொட்டப்பட்டு முகாமும் இருக்கிறது. 1983-க்குப் பின் அலையலையாகப் படகேறி வந்த ஈழத்தமிழர்களைத் தங்கவைக்கத் தமிழ்நாடு முழுவதும் நிறுவப்பட்ட அகதிகள் முகாம்களுள் ஒன்றான அது, 2021 முதல் அரசு ஆவணங்களில் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று குறிக்கப்படுகிறது. அங்கே பிறந்து, அங்கேயே மணமுடித்து, பிள்ளையும் பெற்றுவிட்ட ஒரு தலைமுறை, தான் ஒருநாளும் கண்டிராத ஊர்களின் பெயர்களைத் தன் ஊர் என்று சொல்லி வளர்ந்திருக்கிறது. அவர்களுடைய பெற்றோர் மன்னார்க் கரையிலிருந்தோ தீவகத்திலிருந்தோ இரவோடிரவாகப் படகேறி, மண்டபத்திலோ தனுஷ்கோடி மணல்திட்டிலோ இறங்கி, விசாரணைகளைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தவர்கள். இந்த நூறு கடல் மைல் அவர்களுக்கு வாரக்கணக்கில் நீண்ட பயணம். பலாலிக்கு நாள்தோறும் கிளம்பும் விமானத்தின் ஓசை முகாமின் கூரைகளுக்கு மேலே கேட்கக்கூடிய தொலைவில்தான் எழுகிறது.

இவ்வழியில் பறப்பது ஏ.டி.ஆர். 72 என்னும் பிரெஞ்சு-இத்தாலியத் தயாரிப்பான சுழல்விசிறி விமானம். எழுபதுக்குச் சற்று மேற்பட்டவர்களே அமரக்கூடிய இதில் பயணிகள் பின்கதவு வழியாக ஏறுவர். சரக்குக்கான இடம் முன்புறத்தில் இருப்பதால், பெரிய விமானங்களுக்குப் பழகியவர்களுக்கு வண்டி திரும்பி நிற்பது போன்ற மயக்கம் ஒரு கணம் தோன்றும். இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் எந்தச் சன்னலிலிருந்தும் தரை மறைவதில்லை. குறுந்தொலைவுப் பயணங்களில் இது இருபதாயிரம் அடிக்குக் கீழேயே பறந்துவிடுகிறது. தென்னந்தோப்பைத் தென்னந்தோப்பாகவும் ஏரியை ஏரியாகவும் இனங்காண இயலுகின்ற உயரம் அது. பயணக் கட்டுரை எழுதுவோருக்கு இதனினும் உகந்த ஊர்தி இல்லை.

இந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவல்லது. கணக்குப் போட்டால் 184 கிலோமீட்டரை இருபத்திரண்டு நிமிடத்தில் கடந்துவிட வேண்டும். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்கிறது. முரண்பாடு போலத் தோன்றும் இதற்கு விடை, விமானத் துறையில் நேரம் அளக்கப்படும் முறையில் இருக்கிறது. புறப்படும் இடத்தில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகள் அகற்றப்படும் கணம் முதல், சேருமிடத்தில் மீண்டும் கட்டைகள் வைக்கப்படும் கணம் வரை உள்ளதே பயண நேரம். ஓடுபாதையை நோக்கி ஊர்வது, அனுமதிக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, மீண்டும் ஊர்வது யாவும் அதனுள் அடங்கும். முழு வேகத்தில் பறக்கும் பொழுது அந்த ஒரு மணியில் சிறு பகுதியே. தொலைவு சுருங்கச் சுருங்க இந்த முன்னும் பின்னும் ஆகும் நேரம் சுருங்குவதில்லை. நூறு மைல் பயணத்துக்கும் ஆயிரம் மைல் பயணத்துக்கும் அது ஏறத்தாழ ஒன்றே.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ஓடுபாதைகளுக்கு அவை நோக்கும் திசையைக் கொண்டு, காந்த வடக்கிலிருந்து எண்ணிப் பத்தால் வகுத்த எண் இடப்படுகிறது. திருச்சியின் ஓடுபாதை 09/27. அதாவது கிழக்கு மேற்காகக் கிடப்பது. பலாலியினுடையது 05/23, வடகிழக்கு தென்மேற்காகக் கிடப்பது. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால், தென்கிழக்கே போக வேண்டிய விமானம் முதலில் மேற்கே எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சிறிது தொலைவு சென்று, பிறகே வளைந்து திரும்புகிறது. யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவர்கள் முதல் சில நிமிடங்களில் கோயம்புத்தூரை நோக்கிப் பறக்கிறார்கள்.

அந்த வளைவில் ஒருபக்கம் சாயும் விமானத்தின் சன்னல்கள் வழியே மலைக்கோட்டையும், இரண்டாகப் பிரிந்தோடும் காவிரியும் கொள்ளிடமும், அவற்றின் நடுவே திருவரங்கத் தீவும் ஒரு தட்டில் வைத்தாற்போலத் தெரிகின்றன. மேட்டூர் திறந்து, பதினெட்டாம் பெருக்கு நெருங்கும் நாட்கள் ஆதலின் காவிரியில் செந்நீர். இதற்குத் தெற்கே புதுக்கோட்டைச் சீமையின் நிறம் உடனே மாறிவிடுகிறது: ஆற்றுப்பாசனம் எட்டாத செம்மண்ணும் சரளையும், மழைநீரைத் தேக்கும் கண்மாய்களும், அவற்றினிடையே சீமைக்கருவேலும் தைல மரமும். ஒரே சன்னலில் இடப்பக்கம் கழனியும் வலப்பக்கம் வானம் பார்த்த பூமியும் தெரியும் எல்லைக்கோடு இது.

புதுக்கோட்டை என்றதும் இவ்வழித்தடத்தின் இரு முனைகளையும் தம் வாழ்க்கையால் இணைத்த ஒருவரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடக்ககாலப் பட்டதாரிகளுள் ஒருவராகி, பிற்காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவர். செல்லரித்துக் கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, தொல்காப்பியத்தின் உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சிலேற்றிய அவருக்கு, சிறுப்பிட்டிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட கடல் ஒரு தடையாக இருந்ததாகவே தெரியவில்லை. அவருக்கு முன்னோடியான ஆறுமுக நாவலர் நல்லூரில் பிறந்து, சென்னையில் அச்சுக்கூடமும் சிதம்பரத்தில் பள்ளியும் நிறுவினார். நீராவிக் கப்பலும் பாய்மரத் தோணியும் ஓடிய அக்காலத்தில் இக்கடலைக் கடப்பதற்கு நாட்கள் பிடித்தன. ஆனால் கடக்கலாமா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் வந்த நூற்றாண்டில் ஊர்தியின் வேகம் ஏற ஏற, கேட்க வேண்டியவர்களின் எண்ணிக்கையும் ஏறிற்று.

கந்தர்வகோட்டையைத் தாண்டியதும் மீண்டும் பசுமை தொடங்குகிறது. 1930-களில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், இப்பகுதி மக்களின் வாயில் இன்றும் ‘புது ஆறு’தான்; காவிரி இயல்பாக எட்டாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரங்களுக்கு அதுவே நீர் கொணர்ந்தது. அதற்கப்பால் பேராவூரணி வரை ஒரே தென்னங்கடல். மேலிருந்து பார்க்கும்போது அக்கடலில் ஆங்காங்கே வயதில் இளைய, உயரம் குறைந்த தோப்புகள் தனித்துத் தெரிவதன் காரணம் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயல். முப்பது நாற்பது ஆண்டு காய்த்த மரங்கள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. தென்னையை நம்பிப் பெண்ணுக்கு நாள் குறித்திருந்த குடும்பங்கள் அப்பகுதியில் ஏராளம். தென்னை நட்டுக் காய்ப்புக்கு வரும் காலத்தோடு ஒப்பிட, ஒரு மணி நேர விமானம் என்பதெல்லாம் அங்கே பொருளற்ற அளவு.

கடல் தொடங்குமிடத்தில், மல்லிப்பட்டினத்தை அடுத்த சரபேந்திரராசன் பட்டினத்தில், எட்டடுக்குக் கோபுரம் ஒன்று கரையோரம் தனித்து நிற்கிறது. மனோரா என்று வழங்கும் அதனைத் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-இல் எழுப்பினார். வாட்டர்லூப் போரின் நினைவுச் சின்னம் என்று அதைச் சொல்வோர் உண்டு; வாட்டர்லூப் போர் நடந்ததோ 1815-இல். நெப்போலியன் முதன்முறை முடிதுறந்த செய்தியே இக்கட்டடத்துக்கு வித்து என்று கொள்வது பொருந்தும். ஐரோப்பாவில் ஒரு பேரரசன் வீழ்ந்த செய்தி மாதங்கள் கழித்துக் கப்பலில் வந்து சேர்ந்து, பட்டுக்கோட்டைக் கரையில் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் உயர்ந்திருக்கிறது. ஆட்சி அதிகாரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் இழந்துவிட்ட ஒரு மன்னர், அக்கும்பினியின் நாட்டாரது வெற்றிக்குக் கோபுரம் கட்டியதைப் பணிவு என்பதா, பிழைக்கும் வழி என்பதா? சரசுவதி மகால் நூலகத்தைச் செழிக்கச் செய்த அதே கை அது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மனோராவுக்கு அப்பால் தெரிவது பாக்கு நீரிணையும் அதன் தென்புறத்துப் பாக்கு விரிகுடாவும். பெயரில் உள்ள பாக்குக்கும் வெற்றிலைப் பாக்குக்கும் எத்தொடர்பும் இல்லை. 1760-களில் சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயர் அது. கரையை அடுத்த நீர் அவ்வளவு ஆழமற்றது ஆதலால், வெயில் நேராக விழும் நண்பகலில் அடித்தரையின் திட்டுகள் கரும்பச்சையாக மேலே தெரிகின்றன. அவை கடற்புல் படுகைகள். அவற்றை மேய்ந்து வாழும் கடற்பசுவை இக்கரையின் மீனவர் ஆவுளியா என்பர். அதனைக் காப்பதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022-இல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது; இந்தியாவில் இவ்விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இதுவே.

நடுக்கடலில் இரண்டு எல்லைகளை விமானம் கடக்கிறது. ஒன்று, 1974-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வரையப்பட்ட கடல் எல்லை. மற்றொன்று, சென்னை வான்தகவல் மண்டலத்துக்கும் கொழும்பு வான்தகவல் மண்டலத்துக்கும் இடைப்பட்ட எல்லை. எந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அறை எந்த வான்பரப்பில் பறக்கும் விமானத்துக்குப் பொறுப்பேற்கும் என்பதைப் பிரிக்கும் ஏற்பாடே வான்தகவல் மண்டலம் எனப்படுகிறது. விமானி ஓர் அலைவரிசையில் விடைபெற்று மற்றொன்றில் வணக்கம் சொல்லும் அச்சில நொடிகளில் பயணிகளுக்கு எதுவும் தெரிவதில்லை. கீழே படகில் இருப்பவருக்கு நிலைமை வேறு. இழுவை மடி போட்டு அடித்தரையை அரிக்கும் தமிழ்நாட்டு விசைப்படகுகள் எல்லை தாண்டுவதும், அப்படகுகளால் வலையிழந்த வடமாகாண மீனவர் குமுறுவதும், இலங்கைக் கடற்படை சிறைபிடிப்பதும் பல்லாண்டுத் தொடர்கதை. இலங்கை 2017-இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாட்டுக் கரையிலேயே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறைவைத்துக் கொண்டதும் இதே மோதலின் உள்ளூர் வடிவந்தான். இரு கரைகளிலும் தமிழ் பேசும் மீனவரே நிற்கும் இச்சிக்கலைத் தொப்புள்கொடி உறவு என்னும் ஒரு சொல்லால் மூடிவிட முயல்வோர், அச்சொல் எந்தக் கரையில் எப்படிக் கேட்கிறது என்பதைக் கருதுவதில்லை.

இக்கடலின்மேல் விமானம் பறந்த வரலாறும் பழையதே. 1930-களில் கராச்சியிலிருந்து சென்னை வரை தபால் சுமந்த டாடா விமானச் சேவை 1938-இல் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய வான்படை பலாலியில் ஓடுதளம் அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று, இலங்கை விடுதலை பெறுவதற்கு எட்டு வாரங்கள் இருக்கையில், ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை எனப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. ‘சீதாதேவி’ என்று பெயரிடப்பட்ட டகோட்டா அது. இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு விமானத்தில் திரும்பிய சீதை என்று பெயரிட்டவர் எண்ணினாரோ என்னவோ. அவ்வாறு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே திறந்த வழி, இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் பொதுமக்களுக்கு அடைபட்டது. பலாலி படைத்தளமாயிற்று. 2019 அக்டோபர் 17 அன்று அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. நான்கு மாதத்தில் கொரோனா பெருந்தொற்று அதையும் நிறுத்தி, 2022 டிசம்பர் வரை ஓடுபாதையைக் காத்திருக்க வைத்தது.

பலாலி அடைபட்டிருந்த ஆண்டுகளில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக விரும்பியவருக்கு இருந்த ஒரே முறையான வழி, விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வருவது. போர்க்காலத்தில் அந்த வடக்கு நோக்கிய பாதையும் அடிக்கடி மூடப்பட்டது. 1956 முதல் ஓடிய யாழ்தேவி ரயில் 1990-இல் நின்று, 2014-இல்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த தனியார் விமானம் ஒன்று 1998 செப்டம்பர் 29 அன்று மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து ஐம்பத்தைந்து பேர் மாண்டனர். நூறு கடல் மைலில் இருக்கும் ஊருக்கு ஒன்றரை நாள் சுற்றிப் போன காலத்தை வயதான பயணிகள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கடிகாரமும் இக்கதையில் சேரும். திருச்சியைவிடப் பலாலி 1.36 பாகை கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் முந்தி உச்சியைத் தொடுகிறது. ஆனால் இரு ஊர்க் கடிகாரங்களும் இன்று ஒரே நேரத்தையே காட்டுகின்றன. எப்போதும் அப்படி இருந்ததில்லை. மின்பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே அப்பத்தாண்டில் ஒரே தீவுக்குள், ஒரு சோதனைச் சாவடியின் இருபுறமும் வெவ்வேறு நேரம் ஓடிற்று. புலிகளின் பக்கத்துக் கடிகாரம் திருச்சிக் கடிகாரத்தோடு ஒத்துப்போயிற்று. பயண நேரம் என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

விமானம் தாழத் தொடங்கும்போது முன்னிருக்கையில் இருந்த முதிய பெண்மணி பக்கத்திலிருந்த இளைஞரிடம், “தம்பி, வந்திட்டமே?” என்று கேட்கிறார். “ஓம் அம்மா, அந்தா காங்கேசன்துறை தெரியுது” என்று விடை வருகிறது. திருச்சியில் ஏறியபோது ‘வந்துட்டோமா’ என்று கேட்ட விமானத்துக்குள் மொழி எந்த இடத்தில் கரை மாறியது என்று சொல்வதற்கில்லை.

வடகரை நெடுகக் காங்கேசன்துறையின் கலங்கரை விளக்கமும், உற்பத்தி நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சமும், துறைமுகத்து அலைதாங்கியும் வரிசையாக வருகின்றன. காங்கேயன் எனப்படும் முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை என்பது தலவரலாறு. அவ்வுருவம் அருகிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் எழுந்தருளிற்று என்பர். கடவுள் வந்த வழியும் கடல்வழியே. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இத்துறைக்குத் தொடங்கப்பட்டு, தடைப்பட்டு, மறு ஆண்டு மீண்டும் தொடர்ந்த பயணிகள் கப்பல் அறுபது கடல் மைலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. காற்று தென்மேற்கு ஆதலின் விமானம் உடனே இறங்காமல், கடலோரமாகக் கிழக்கே போய் வளைந்து, வடகிழக்கிலிருந்து ஓடுபாதைக்குள் நுழைகிறது. யாழ்ப்பாணத்தார் இக்காற்றைச் சோழகம் என்பர். அதன் தயவால் வல்வெட்டித்துறைக் கரையும் கண்ணுக்குக் கிடைக்கிறது. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு 1938-இல் மாசச்சூசெட்சு மாநிலத்துக் கிளஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அட்லாண்டிக்கையே கடந்த ஊருக்குப் பாக்கு நீரிணை வாய்க்கால்.

தரை தொட்டபின் சுழல்விசிறி ஓய்ந்து நிற்கும்போதுதான் அதற்கு ஆறு இதழ்கள் என்பது எண்ணத் தெரிகிறது. நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் எழுதப்பட்டது 2019-இல் தென்னிலங்கையில் சலசலப்பை உண்டாக்கிற்று. திருச்சியில் ‘பன்னாட்டு’ என்று பொறிக்கப்படுவது இங்கே ‘சர்வதேச’ ஆகிறது. தூயதமிழ் இயக்கம் நடந்த கரையும், பேச்சில் பழந்தமிழைக் காத்த கரையும் எழுத்துப்பலகையில் இடம்மாறி நிற்பது சுவையான வேடிக்கை.

நிலையத்திலிருந்து யாழ்ப்பாண நகரம் பதினாறு பதினேழு கிலோமீட்டர் தெற்கே. படைமுகாம்களின் வேலிகளைத் தாண்டி வசாவிளானை அடைந்ததும் செம்பாட்டு மண் தொடங்குகிறது. ஆறு என்று சொல்லத்தக்கது ஏதுமற்ற இக்குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல் பரந்துகிடக்கிறது; மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். ஆகையால் இங்கே வேளாண்மை என்பது கிணற்றோடு நடத்தும் பேச்சுவார்த்தை. சின்ன வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் திராட்சையும் பத்தடிக்குப் பத்தடி பாத்திகளில் தோட்டக்காரரின் கைப்பார்வையில் வளர்கின்றன. புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில் என்று ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து, கடைசியில் திருநெல்வேலி வருகிறது. தாமிரபரணிக் கரையின் பெயரை நினைவூட்டும் இத்திருநெல்வேலியில்தான் 1974-இல் தோன்றிய வளாகம் வளர்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உள்ளது.

விமானத்தில் வந்தவர்களுள் பலர் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத்துக்கு வந்தவர்கள். ஆடி அமாவாசைக்குப் பின் தொடங்கி இருபத்தைந்து நாள் நடக்கும் அத்திருவிழாவில் நாதசுரமும் தவிலும் ஓயாது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் தஞ்சை மண்ணையே வியக்கவைத்தது என்பதும், தஞ்சையிலிருந்து வித்துவான்கள் பருவந்தோறும் இங்கு வந்து வாசித்தார்கள் என்பதும் இரு கரை இரசிகர்களும் ஒப்பும் வரலாறு. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி யாழ்ப்பாணத்து வீடுகளில் கேட்டது. இலங்கை வானொலி காவிரிக்கரைத் தேநீர்க்கடைகளில் ஒலித்தது. வானொலி அலை இந்த 184 கிலோமீட்டரை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அதற்குக் கடவுச்சீட்டும் கேட்கப்படவில்லை.

திரும்பும் வழியில், மறுநாள் காலை, மயிலிட்டியில் பார்க்கக் கிடைத்தவை கூரையற்ற சுவர்களும், அவற்றினூடே வளர்ந்த ஆலும், புதிதாகப் பூசிய ஒன்றிரண்டு வீடுகளும். 1990 சூனில், போரின்போது, இவ்வூர் உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். ஊர் உயர்பாதுகாப்பு வலயம் ஆயிற்று. மயிலிட்டியாரில் ஒரு பகுதியினர் மல்லாகத்துக் கோணப்புலம் முகாமில் ஓலைக்குடிசைகளில் தங்கினர். அங்கிருந்து மயிலிட்டித் துறைமுகம் ஆறேழு கிலோமீட்டர். மிதிவண்டியில் அரை மணி நேரம். துறைமுகத்தை ஒட்டிய நிலம் விடுவிக்கப்பட்டது 2017 சூலையில். அந்த ஆறேழு கிலோமீட்டருக்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. வசாவிளானை ஒட்டிய பலாலி வீதியின் ஒரு பகுதி திறந்துவிடப்பட்டது அதற்கும் பிந்தி, 2025-இல்.

சாலையோரத்து வளவு ஒன்றில் நாலைந்து பேர் கிணறு இறைத்துக்கொண்டிருந்தனர். வீட்டில் அத்திவாரம் மட்டுமே மிச்சம். கிணற்றுக்கட்டு முழுதாக இருந்தது. மேலே வந்த ஒவ்வொரு வாளியிலும் சேறும் வேரும் உடைந்த ஓடும் இருந்தன. கட்டில் கைவைத்துக் குனிந்து நின்ற பெரியவர், ஏழாவதோ எட்டாவதோ வாளி வந்தபோது உள்ளங்கையில் சிறிது ஏந்தி, நாவில் வைத்துப் பார்த்து, “இன்னும் உவர்தான், இறையுங்கோ” என்றார்.